தடித்த எழுத்தும் ஒரு துணைக்காலும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கும் ஆச்சி, ஒரு தாளை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் படியேறி வந்தார். மும்பையின் தாராவியில் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு, மகன் வீடு மாறியபோது பக்கத்துப் பகுதியான சயானுக்கு வந்தவர் அவர். மராத்தியும் இந்தியும் காதால் கற்றவை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் நோயாளிகளுக்கான அறிவுரைத் தாளைத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைக் கண்டு எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். தாளை விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்து ஆச்சி கேட்டார்.

"ஏட்டி, இதுல மாத்திரைய நிறுத்தச் சொல்லியிருக்காவளா? டாக்டரு வாயால அப்பிடி ஒண்ணும் சொல்லலையே."

அந்த வரி "இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று இருந்திருக்க வேண்டும். தாளிலோ "நிறுத்த" என்பது வரை கன்னங்கரேலெனத் தடித்து நின்றது. அதை அடுத்து, புள்ளிகளாலான ஒரு சிறு வட்டமும் அதன் பக்கத்தில் ஒற்றைத் துணைக்காலும் இருந்தன. அதற்குப் பின் "தீர்கள்" என்ற எழுத்துகள் மெலிந்து, வேறொரு சொல்லைப்போல ஒதுங்கிக் கிடந்தன. கண்ணாடியைத் தேடி எடுக்காமல் அந்தத் தாளைப் பார்க்கும் எவருக்கும் பக்கத்தின் நடுவிலிருந்து தெரியக்கூடியவை இரண்டே சொற்கள்: மேலே தலைப்பில் "மாத்திரை", கீழே "நிறுத்த".

நான் 17 ஆண்டுகளாக மும்பையில் மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்குத் தமிழ்ப் படி திருத்திக் கொடுப்பவள். காப்பீட்டுப் பத்திரங்கள், வங்கிப் படிவங்கள், மருந்துக் குறிப்புகள் ஆகியவை என் மேசைக்கு நாள்தோறும் வருகின்றன. ஆகவே, அந்தத் துணைக்கால் எப்படி அநாதையாயிற்று என்பது எனக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. ஆங்கில மூலத்தில் "கூடாது" என்று பொருள்படும் எதிர்மறைச் சொல் தனியாக நிற்கும். அதை மட்டும் தடித்த எழுத்தில் இட்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் அந்தத் தடிமனை ஒரு தொடக்கக் குறியாகவும் ஒரு முடிவுக் குறியாகவும் மாற்றி மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டும். இரண்டு குறிகளையும் தமிழ் வாக்கியத்தில் எங்காவது வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் கோப்பு பிழை காட்டித் திரும்பி வரும். நேரமில்லாத ஒருவர் வினைச்சொல்லைத் தேடி, கண்ணுக்குப் பட்ட இடத்தில் குறியை மூடியிருக்கிறார்.

தமிழில் அந்த எதிர்மறை எங்கே இருக்கிறது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். "நிறுத்து" என்பது பகுதி. அதோடு எதிர்மறை ஆகாரம் சேர்ந்து "நிறுத்தா" என்றாகிறது. வேண்டாம் என்னும் பொருள் முழுவதும் அந்த ஒற்றை நெடிலில் அடங்கியிருக்கிறது. எழுத்தில் அது "தா" என்பதன் துணைக்கால். தனி எழுத்துகூட அல்ல, எழுத்தின் ஓர் உறுப்பு. ஆங்கிலத்தில் தடிப்பாக்கிய அதே பொருளைத் தமிழில் அப்படியே தடிப்பாக்க வேண்டுமென்றால் ஒரு காலை மட்டும்தான் தடிப்பாக்க வேண்டியிருக்கும். அந்தத் தாளில் நடந்தது நேர் எதிரானது. எந்தக் கால் "வேண்டாம்" என்று சொல்கிறதோ அது தடிமனுக்கு வெளியே விழுந்துவிட்டது. உயிர்க்குறி தன் மெய்யைவிட்டுப் பிரிந்து வேறொரு எழுத்து வடிவத்துக்குள் போகும்போது, எழுத்துகளை வரைந்து காட்டும் மென்பொருள் அதைத் துணையற்ற குறி என்று கருதிப் புள்ளி வட்டத்தை வரைந்துவிடுகிறது.

அன்றிரவு ஆச்சிக்கு விளக்கிச் சொல்லி அனுப்பிய பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. தடித்த எழுத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் சேர்த்து வைத்திருக்கும் எண்ணங்களை எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். என் கருத்து இது: தமிழில் தடித்த எழுத்து கண்ணுக்கு இடம் காட்டுவதற்கு உரியது, குரலை உயர்த்துவதற்கு உரியது அன்று. குரலை உயர்த்தும் வேலைக்கு மொழியே வேறு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

அந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு "நான் நேற்று வந்தேன்" என்ற சிறு வாக்கியமே போதும். "நான் நேற்றே வந்தேன்" என்றால் நீ நினைப்பதற்கு முன்பே வந்துவிட்டேன் என்று பொருள். "நான் நேற்றுதான் வந்தேன்" என்றால் அதற்கு முன் வரவில்லை, வந்து அதிக நேரமாகவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே சொல்லின் மேல் விழும் அழுத்தங்கள். ஆனால் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுப்பவை. "நேற்று" என்பதைத் தடித்த எழுத்தில் இட்டால் இவற்றுள் எது கிடைக்கும்? இரண்டுமே கிடைக்காது. இங்கே ஏதோ இருக்கிறது என்ற செய்தி மட்டுமே கிடைக்கும். ஏகாரத்தின் பொருள்களைத் தொல்காப்பியம் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்தாகப் பிரித்தது. நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கியது. ஓர் உயிரெழுத்து சொல்லின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டு, உறுதி சொல்கிறதா, கேள்வி கேட்கிறதா, கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறதா என்று இலக்கணக்காரர்கள் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார்கள். அதன் மேல் "தான்" உண்டு, "மட்டும்" உண்டு, "கூட" உண்டு. சொல்லை இடம் மாற்றும் உரிமையும் உண்டு: "வந்தவன் நான்தான்."

ஆங்கிலத்தின் நிலை வேறு. அங்கே சொற்களின் வரிசை பெரும்பாலும் இறுகியது. பேசும்போது அழுத்தத்தைக் குரல் சுமக்கிறது. அதே அழுத்தத்தைத் தாளுக்குக் கொண்டுவரச் சாய்வெழுத்து அங்கே உண்மையாகவே தேவைப்பட்டது. வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டுஸ் மனூட்டியுஸ் 1501இல் சாய்வெழுத்தில் முழு நூல்களையே அச்சிடத் தொடங்கினார். காலப்போக்கில் அது நேரெழுத்துக்குத் துணையாகி, வாக்கியத்துக்கு நடுவே குரல் மாறுவதைக் காட்டும் கருவியாயிற்று. தடித்த எழுத்து அதைவிட மிகவும் இளையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் வார்க்கப்பட்ட கொழுத்த எழுத்துகளிலிருந்து அது வந்தது. 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி என்பவரின் வார்ப்பகம் கிளாரண்டன் என்ற எழுத்துருவை வெளியிட்டது. சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் சேர்த்துக் கோப்பதற்கென்றே ஆக்கப்பட்ட தடித்த எழுத்து என்பதால், அகராதியின் தலைச்சொல்லுக்கும் அட்டவணைக்கும் அது மிகவும் பொருந்தியது. அதாவது, பிறந்த வீட்டிலேயே தடித்த எழுத்துக்குக் கிடைத்த வேலை, தேடுபவருக்கு இடம் காட்டுவதுதான். சாய்வெழுத்தைப் படித்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தை அடைந்த பிறகே உணர்கிறோம். தடித்த எழுத்து பக்கத்தைத் திருப்பியவுடனேயே தெரிந்துவிடுகிறது.

தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற இரட்டையும் இல்லை. கணினியில் சாய்க்கும் பொத்தானை அழுத்தினால் எழுத்து சாயத்தான் செய்கிறது. ஆனால் ப, ம, ட போன்று நேர்க்கோட்டின் மேல் நிற்கும் எழுத்துகள் காற்றில் சரியும் பந்தல்கால்களைப்போலத் தோன்றுகின்றன. அடிக்கோடு இட்டால் கு, மு, ழு ஆகியவற்றின் கீழ்ச் சுழிகளை அது வெட்டிக்கொண்டு போகிறது. திரையிலோ அடிக்கோடு என்றாலே இணைப்பு என்று கை சொடுக்கப் போகிறது. இப்படி எல்லாக் கதவுகளும் மூடிய பிறகு, நூற்பெயர், கலைச்சொல், வேற்றுமொழிச் சொல், ஆட்பெயர், துணைத்தலைப்பு, எச்சரிக்கை, கோபம், பாசம் ஆகிய அனைத்தையும் தடித்த எழுத்தின் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

ஓலைக்காலத்தில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஒரே பருமன்தான். ஓலை கிழியும் என்பதால் அழுத்தவும் முடியாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடாமல் விட்டார்கள். மூலமும் உரையும் மேற்கோளும் ஒரே ஓட்டமாகச் செல்லும். எது எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவரின் புலமைதான் பிரித்தறிய வேண்டும். கொல்லத்தில் 1578இல் தமிழ் எழுத்துகள் அச்சேறிய பிறகும், எழுத்தின் அளவையும் பருமனையும் வைத்து வேலை வாங்கும் வழக்கம் தழைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் அது தழைத்தபோது, தமிழ் அச்சகங்கள் அதை ஓர் அழகான வேலைக்குப் பயன்படுத்தின: மூலப் பாட்டுக்குப் பெரிய அல்லது தடித்த எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து. திருக்குறள் உரைப் பதிப்பு ஒன்றைத் திறந்து வையுங்கள். குறள் எங்கே, உரை எங்கே என்று கண் தானாகப் பிரித்துக்கொள்கிறது. அந்தத் தடிமனில் குரல் ஏற்றம் எதுவும் இல்லை, வள்ளுவர் கத்தவில்லை. ஓலையில் புலவர் செய்த வேலையைத் தாளில் எழுத்தின் பருமன் செய்கிறது. தமிழ் அச்சு கண்டெடுத்த மிகச் சிறந்த பயன் இதுவென்றே நான் நினைக்கிறேன்.

எனக்கு இதெல்லாம் முதலில் கைவழியாகத்தான் வந்தது. 1980களில் தாராவியில் 90 அடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் என் சித்தப்பா சிறிய அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, ரசீதுப் புத்தகம் ஆகியவைதான் தொழில். பள்ளி விடுமுறைகளில், அச்சான பக்கத்தைக் கலைத்து ஈய எழுத்துகளை அவற்றின் அறைகளில் திரும்பப் போடுவது என் வேலை. சாதாரண எழுத்தை அங்கே "ஒயிட்" என்பார்கள், தடித்த எழுத்தை "பிளாக்" என்பார்கள். ஒயிட் கேஸ், அதாவது ஒயிட் எழுத்துகளுக்கான அறைப்பெட்டி, நிறைந்து வழியும். பிளாக் கேஸில் ஒவ்வோர் அறையிலும் அடியில் கொஞ்சம் எழுத்துகள்தான் கிடக்கும். ஈயத்தை எடை போட்டு வாங்க வேண்டும். அபூர்வமாகப் பயன்படும் எழுத்துக்கு யாரும் காசை முடக்க மாட்டார்கள்.

அந்தப் பிளாக் கேஸில் முதலில் தீர்ந்துபோவது "ன்". எனக்கு அந்தக் காலியறை இன்றும் கண்ணில் நிற்கிறது. மணமகன் பெயர் முருகன், அவன் தகப்பன் பெயர் கண்ணன், தாய்மாமன் செல்வன், பெண்ணின் அண்ணன் சரவணன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு "ன்" போய்க்கொண்டே இருக்கும். உலோக எழுத்தில் புள்ளியோடு கூடிய "ன்" ஒரே வார்ப்பு. வெறும் "ன" எடுத்துத் தலையில் புள்ளி வைக்க வழியில்லை. ஒருமுறை, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதன் கீழ் வரும் சொந்தக்காரர் பெயர்கள் அத்தனையும் பிளாக்கில் வர வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வரும் என்று ஒருவர் வந்து நின்றார். "அண்ணாச்சி, ஒருத்தர் பேரு பிளாக்ல இருந்து இன்னொருத்தர் பேரு இல்லன்னா கல்யாணத்துக்கே வர மாட்டாவ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சித்தப்பா பொறுமையாக விளக்கினார்: "எல்லாம் பிளாக்கா இருந்தா மாப்பிள்ள பேரு எதுன்னு எப்பிடிய்யா தெரியும்?" கடைசியில் சொந்தக்காரர்கள் அனைவரும் ஒயிட்டுக்குப் போனார்கள், மணமக்கள் பெயர், நாள், மண்டபம் ஆகிய மூன்றும் பிளாக்கில் நின்றன. அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்குபவர் அவசரத்தில் தேடக்கூடியவை அந்த மூன்றுதான்.

பின்னாளில் அந்த அச்சகத்துக்கும் கணினி வந்தது. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் எந்த எழுத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் தடிப்பாக்கலாம். "ன்" தீர்ந்துபோவதே இல்லை. அதன் பிறகு எங்கள் அச்சகத்துப் பத்திரிகைகளில் சொந்தக்காரர்கள் அனைவரும் தடித்துவிட்டார்கள்.

எழுத்தைத் தடிப்பாக்குவது பொத்தானை அழுத்துவதைப்போல எளிய செயல் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக வரையப்பட்ட தடித்த எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் புதிதாக வரையப்படுகிறது. "ண" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "ன" என்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழிதான். கோடு தடிக்கும்போது அது வெளிப்பக்கம் மட்டுமின்றி உட்பக்கமும் வீங்குகிறது; சுழிகளுக்குள் இருக்கும் வெண்மை சுருங்குகிறது. அந்த வெண்மை அடைபட்டால் "மணம்" எது, "மனம்" எது, "பணி" எது, "பனி" எது என்று தெரியாது. இ, ஞ, ற, ஐ ஆகியவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே எழுத்துருக் கலைஞர் எழுத்தை அகலமாக்குகிறார். கோடுகள் கூடும் இடங்களில் பருமனைக் குறைத்துக் கொடுக்கிறார். மெய்ப்புள்ளியை மேலே சற்று உயர்த்தி வைக்கிறார். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் கடினம். "தென்" என்பதற்கும் "தேன்" என்பதற்கும், "பெட்டி" என்பதற்கும் "பேட்டி" என்பதற்கும் நடுவே நிற்பது கொம்பின் மேல் ஒரு சிறு சுழி. அதற்குரிய வெண்மையை விட்டுவைக்காவிட்டால் சொல்லே மாறிவிடும்.

எழுத்துருவில் தடித்த வடிவம் வரையப்படாதபோது கணினி தானே ஒன்றைச் செய்துகொள்கிறது. எழுத்தின் விளிம்பைச் சுற்றிலும் மை பூசியதைப்போல ஊதிவிடுகிறது, அல்லது அதே எழுத்தைச் சற்றுத் தள்ளி மீண்டும் ஒருமுறை வரைந்துவிடுகிறது. போலித் தடிமன் என்று நான் அதைச் சொல்வேன். எழுத்தின் பருமனை எடை என்ற எண்ணால் குறிப்பார்கள்; வலைப்பக்கத்தில் சாதாரண எழுத்தின் எடை 400, தடித்த எழுத்தின் எடை 700 என்பது வழக்கம். 700 கேட்ட இடத்தில் அந்த எடையில் எழுத்துரு இல்லையென்றால் உலாவி இப்படித்தான் ஊதுகிறது. ரோமன் எழுத்துகள் அந்த ஊதலை ஓரளவு தாங்குகின்றன, தமிழ் தாங்குவதில்லை. "க்" என்பதன் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, "ஃ" மூன்று சாணியுருண்டைகளாகிறது, "ணை" கறுப்புக் கட்டியாகிறது. நல்ல மாற்று இல்லாமலும் இல்லை. மும்பையிலேயே இயங்கும் ஏக் டைப் குழுவின் முக்தா மலர் ஏழு எடைகளில் கிடைக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரான் ஒன்பது எடைகளில் கிடைக்கிறது. இரண்டும் இலவசம். ஒரு நிறுவனம் தன் ஆங்கிலப் பக்கத்துக்கு விலை கொடுத்து எழுத்துரு வாங்கிவிட்டு, தமிழுக்கு ஊதிப் பெருத்த எழுத்தைக் கொடுத்தால் அதற்குப் பணமின்மை காரணமாக இருக்க முடியாது.

கைப்பேசி வந்த பிறகு தடிமன் அனைவர் விரலுக்கும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் 2016 முதல், சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் அது தடிக்கிறது. எங்கள் பகுதிக் குழுவில் ஒவ்வோர் ஆண்டும் பொங்கலுக்கு வரும் அறிவிப்பு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நட்சத்திரங்களுக்கு நடுவிலேயே வரும். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்பதை அதில் மூன்று முறை தேட வேண்டியிருக்கும். தமிழுக்கே உரிய இன்னொரு தொல்லையும் அங்கே உண்டு. "90 அடிச் சாலையில்" என்று எழுதும்போது "சாலை" வரை மட்டும் தடிக்க விரும்பி, அதை அடுத்து நட்சத்திரத்தை வைத்து, "யில்" என்பதை ஒட்டி எழுதினால் தடிமன் வருவதில்லை. நட்சத்திரங்கள் வெறுமனே வெளியே தெரிகின்றன. ஆங்கிலத்தில் சொல்லைச் சுற்றி வெற்றிடம் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நம் மொழியில் இடப்பொருளும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டியே வரும். ஆகவே உருபையும் சேர்த்து முழுச் சொல்லாகத் தடிப்பாக்குவதே சரி. அச்சிலும் இதையே நான் விதியாக வைத்திருக்கிறேன்: சொல்லின் பாதியில் தடிமனை வெட்டக் கூடாது. புணர்ச்சியில் மிகும் ஒற்றும் அதன் முன்னுள்ள சொல்லோடு சேர்ந்தே தடிக்க வேண்டும். எழுத்தின் உள்ளே வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் தெரிந்தாலும், கணினியின் நினைவில் இரண்டும் சேர்ந்த ஒரே குறி "க"வுக்குப் பின்தான் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசையை நம்பி அதைக் கத்தரிக்க முடியாது.

மாட்டுங்காவில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் மென்பொருளைக்கொண்டு தமிழ்க் கட்டுரைகளைக் காதால் படிப்பவர். ஒருமுறை நான் எழுதியதை அவருக்கு அனுப்பிவிட்டு, "முக்கியமான இடங்களைத் தடித்த எழுத்தில் இட்டிருக்கிறேன், கவனியுங்கள்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படாமல் பதில் சொன்னார்: "எனக்கு அது கேக்காதுங்க. நீங்க 'தான்' போட்டா கேக்கும்." திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் தடித்த எழுத்தை அறிவிப்பதில்லை, அப்படி அறிவிக்கும் அமைப்பு இருந்தாலும் வழக்கமாக அது அணைந்தே இருக்கும். வலைப்பக்கத்தை ஆக்குபவர் தோற்றத்துக்கான குறியை விட்டு முக்கியத்துவத்துக்கான குறியை இட்டாலும், கேட்பவரின் காதில் பெரும்பாலும் வேறுபாடு இல்லை. சமூக ஊடகங்களில் ஆங்கிலத்தில் எழுதுவோர் சிலர், கணிதத்துக்கென்று யூனிகோடு என்ற கணினி எழுத்துக் குறியீட்டு முறையில் சேர்க்கப்பட்ட தடித்த ரோமன் எழுத்துகளை எடுத்துத் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். திரைவாசிப்பான் அதை எழுத்தெழுத்தாகக் கணிதக் குறியென்று படிக்கும், அல்லது படிக்காமல் தாண்டிவிடும். தமிழுக்கு யூனிகோடில் அப்படியொரு போலி வரிசை இல்லை என்பதை நான் ஒரு நன்மையாகவே எண்ணுகிறேன்.

நண்பர் சொன்ன அந்த ஒரு வரி என் எழுத்து முறையையே மாற்றியது. படி திருத்தும்போது தடித்த சொல் ஒன்றைக் கண்டால், முதலில் தடிமனை நீக்கிவிட்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். அழுத்தம் போய்விட்டால் அந்த வாக்கியம் சரியாக அமையவில்லை என்று பொருள். ஏகாரமோ "தான்" என்பதோ சொல்லின் இடமாற்றமோ அங்கே தேவைப்படுகிறது. வாக்கியம் தன் அழுத்தத்தைத் தானே சுமக்கும் நிலைக்கு வந்த பிறகு, படிப்பவர் இந்த இடத்தைத் தேடி மீண்டும் வருவாரா என்று கேட்டுக்கொள்கிறேன். வருவார் என்றால் தடிமனைத் திரும்ப வைக்கிறேன். மருந்தின் அளவு, கட்டணம் செலுத்தக் கடைசி நாள், தொலைபேசி எண், அகராதியின் தலைச்சொல், பாட்டின் மூலம் ஆகியவை அப்படிப்பட்டவை. 2024 ஜூலையில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம், உணவுப் பொட்டலங்களில் மொத்தச் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் விவரத்தைத் தடித்த எழுத்திலும் ஒப்பீட்டளவில் பெரிய அளவிலும் காட்ட வேண்டும் என்ற முன்மொழிவுக்கு ஒப்புதல் அளித்தது. அது முறையான பயன்பாடு. கடையில் நின்றுகொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பவர் அதைத்தான் தேடுகிறார்.

ஆச்சியின் தாளுக்கு வருகிறேன். மறுநாள் அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, படத்தையும் இணைத்து அனுப்பினேன். பத்து நாள்களுக்குப் பிறகு அவர்களிடமிருந்து பதில் வந்தது. கோப்பைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டார்கள். திறந்து எண்ணிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் தலைப்புகள் நீங்கலாக 18 இடங்கள் தடித்திருந்தன. "தயவுசெய்து" என்பதும், "நல்ல" என்பதும், "உங்கள்" என்பதும் தடித்திருந்தன. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல்லுக்கு இருந்த தடிமன் தமிழில் கிடைத்த இடத்தில் இறங்கியிருந்தது. மார்புவலி வந்தால் அழைக்க வேண்டிய எண்ணோ மெலிந்த எழுத்தில் கடைசி வரியில் இருந்தது.

எழுத்துருவை உண்மையான தடித்த வடிவம் உள்ள ஒன்றாக மாற்றினேன். 18ஐ நான்காக்கினேன்: மாத்திரை பற்றிய வரி, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள், அழைக்க வேண்டிய எண், அடுத்து வர வேண்டிய நாளை எழுதுவதற்கான இடம். மாத்திரை வரியை நிலைக்குக் கொண்டுவரத்தான் அதிக நேரம் பிடித்தது. "நிறுத்தாதீர்கள்" என்பதை முழுதாகத் தடிப்பாக்கினாலும், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் "நிறுத்த" என்ற இடத்தில் களைத்து நின்றுவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. "நிறுத்தக் கூடாது" என்று பிரித்து எழுதிப் பார்த்தேன். வரி மடியும்போது "நிறுத்தக்" மேலேயும் "கூடாது" கீழேயும் போயின. ஆகவே "நிறுத்தக்கூடாது" என்று சேர்த்தேன். அதற்கு முன்னால் "தினமும் சாப்பிட வேண்டும்" என்ற வாக்கியத்தை வைத்தேன். செய்ய வேண்டியது முதலில் காதில் விழட்டும். விலக்கு அதற்குப் பின் வரட்டும்.

இப்படிப்பட்ட தாள்கள் அச்சகத்திலிருந்து நேராக நோயாளியின் கைக்கு வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். தீர்ந்துபோனால் நகலெடுப்பார்கள், நகலின் நகலை மீண்டும் நகலெடுப்பார்கள். ஆகவே சயான் நிலையத்துக்கு அருகே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்று, ஒன்றிலிருந்து ஒன்றாக நான்காம் நகல்வரை எடுக்கச் சொன்னேன். நான்காவதில் மெலிந்த எழுத்துகள் அங்கங்கே உடைந்திருந்தன. "நிறுத்தக்கூடாது" என்பதில் முதல் ககரத்தின் மேல் இருந்த புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

அந்த நான்காம் நகலைத்தான் ஆச்சியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போடாமல் தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, விரலை வைத்து, "நி... று... த்... த... க்... கூடாது" என்று கூட்டிப் படித்தார். பிறகு விரலைக் கீழே நகர்த்தித் தொலைபேசி எண்ணைப் படிக்கத் தொடங்கினார்.